மடத்துக் கதவும் லயத்து வாசலும்

மலையகத்து நகரொன்றின் பஸ் தரிப்பிடத்தில் வயதான தாயொருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். நாற்பது வருடம் கொழுந்தெடுத்து, சேமலாப நிதிப் பணத்தை வாங்கி, அது பேரப்பிள்ளைகளின் படிப்பிலும் மருமகனின் கடனிலும் கரைந்தபின் வீட்டில் இருப்பவர். ஊரில் உள்ள கன்னியர் மடத்தைப் பற்றிக் கேட்டோம்.

“ஏன் தெரியாம? சின்னப் புள்ளையில இருந்து ரோட்டுல போறப்ப பாக்குறதுதானே. உள்ளுக்குப் பூவெல்லாம் அழகா இருக்கும். கேட்டுக்குள்ள போற வேல நமக்கு என்னா இருக்கு, ஐயா?” என்றார். சற்றுப் பொறுத்து, தானே சிரித்துக்கொண்டு, “இப்பத்தான் சிஸ்டர்மாரே லயத்துக்கு வர்றாங்களே” என்றும் சொன்னார்.

எமது நாட்டில் பணிபுரியும் துறவறசபைகள் பலவற்றின் நூறாண்டு வரலாறு அந்தத் தாயின் இரண்டு பேச்சுக்குள் அடங்கிவிட்டதாக எமக்குப் பட்டது. வாசலுக்கு வெளியே நின்று பார்த்த மக்களிடம் மடம் எப்போது, எப்படி இறங்கி வந்தது? இக்கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, நுவரெலியா வாசிகள் நன்கறிந்த நல்லாயன் கன்னியர் சபையின் வரலாற்றை இவ்விதழில் திருப்பிப் பார்க்கிறோம். பாடசாலை நடத்தும் சபை என்றே எம்மில் பலர் அதை அறிந்திருக்கிறோம். ஆனால் அந்தச் சபை பாடசாலைக்காகத் தோன்றியதல்ல.

மதிலுக்குள் பிறந்த சபை

பிரான்சு தேசத்தின் மேற்குக் கரையில் நுவார்முத்தியே என்றொரு சிறிய தீவு உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின் பின் நடந்த உள்நாட்டுப் போரில் அந்தப் பிரதேசம் பட்ட பாடு பெரிது. அத்தீவில் 1796 ஆடி 31ஆம் திகதி வைத்தியர் ஒருவரின் குடும்பத்தில் பிறந்தவள் ரோஸ் விர்ஜினி பெல்த்தியே. சிறுவயதிலேயே தகப்பனை இழந்தாள். படிப்பதற்காகத் தூர் நகரத்து விடுதியில் சேர்க்கப்பட்டாள். அவ்விடுதிக்கு அருகே உயர்ந்த மதில் சூழ்ந்த மடமொன்று இருந்தது. ‘கெட்டுப்போன பெண்கள்’ என்று ஊர் ஒதுக்கிய ஏழைப் பெண்பிள்ளைகளை ஏற்று வைத்திருந்த அடைக்கல இல்லம் அது. புனித யோவான் யூட்ஸ் 1641இல் கான் நகரில் தொடங்கிய ‘அன்பின் மாதா’ சபையைச் சேர்ந்தது.

மற்ற மாணவிகள் பயத்தோடும் கேலியோடும் பார்த்த அந்த மதிலுக்குள் ரோஸ் விர்ஜினி 1814இல், தன் 18ஆவது வயதில், தானாகவே நுழைந்தாள். மரிய யூப்பிரேசியா என்பது அவள் பெற்ற துறவறப் பெயர். சபை ஒழுங்குப்படி தலைவியாவதற்கு நாற்பது வயது ஆகியிருக்க வேண்டும். அவரையோ 29 வயதில், விசேட அனுமதி பெற்று, தலைவியாக்கினார்கள். 1829இல் ஆஞ்சே நகரில் புதிய இல்லமொன்றைத் தொடங்கினார். ‘நல்லாயன்’ என்ற பெயர் அங்கிருந்தே சபைக்கு நிலைத்தது.

இங்கே ஒரு நிர்வாக விடயத்தைக் கூறவேண்டும். அதை விளங்காமல் இந்தக் கன்னியர் கடல் கடந்து வந்த கதை விளங்காது. அதுவரை ஒவ்வொரு மடமும் தனித்தனி வீடு. ஒரு மடத்தில் ஆட்கள் நிறைந்து, இன்னொரு மடம் ஆளின்றி மூடப்பட்டாலும் ஒன்றிலிருந்து மற்றதற்கு உதவி செல்லாது. தாய் யூப்பிரேசியா எல்லா மடங்களையும் ஒரே தலைமையின்கீழ் கொண்டுவர விரும்பினார். ஆயர்மார் சிலருக்கும் பழைய மடங்களுக்கும் அது பிடிக்கவில்லை. அதிகார ஆசை பிடித்தவர் என்றார்கள். 1835 சித்திரையில் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் அனுமதி வழங்கினார். அதன்பின் ஆஞ்சேயிலிருந்து எந்த நாட்டுக்கும் சகோதரிகளை அனுப்ப முடிந்தது. 1868 சித்திரை 24ஆம் திகதி அவர் மரித்தபோது சபைக்கு நூற்றுக்கு மேற்பட்ட மடங்கள் இருந்தன. 1940இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கூட்டுறவுச் சங்கம் கட்டி எழுப்புவோர் இந்த வரலாற்றின் இப்பகுதியை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்கலாம்.

அவருடைய சிந்தனையின் சாரம், ஓர் ஆள் முழு உலகத்தையும் விடப் பெறுமதியானவர் என்பதே. மந்தையை விட்டுவிட்டு ஒற்றை ஆட்டைத் தேடிப் போகும் மேய்ப்பனின் உவமையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அது. ஆனால் அந்த ஆடு கண்டுபிடிக்கப்பட்டபின் மதிலுக்குள் வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சகோதரிகளும் அடைபட்ட வாழ்வையே வாழ்ந்தார்கள். தேவையின்றி வெளியே செல்வதில்லை.

1869ஆம் வருடம்

1854இல் பெங்களூருக்கு வந்த நல்லாயன் கன்னியர் 1869இல் கொழும்பு வந்தனர். ஆயர் சில்லானி கொழும்பு மறைப்பகுதியை நடத்திய காலம். கொட்டாஞ்சேனையில் அவர்களது முதல் இல்லம் அமைந்தது. யாழ்ப்பாணத்தில் திருக்குடும்பக் கன்னியர் 1862இலேயே வந்துவிட்டனர். தென்னிலங்கைக்கு அது ஏழு வருடம் பிந்தியது.

மலையகத்தவராகிய எமக்கு அந்த 1869 வேறு காரணத்தால் மறக்க முடியாத வருடம். கோப்பி இலையில் மஞ்சள் படிந்த ‘இலைத்துரு’ நோய் இத்தீவில் முதன்முதல் கண்டறியப்பட்டது அவ்வருடத்தில்தான். அதற்கு இரண்டு வருடம் முன், 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். கோப்பிக் காலத்தில் எமது முன்னோர் பழம் பறிக்க வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வழியில் இறந்தவர்கள் போக, என்று சொல்லவேண்டும். தேயிலைக்கு அப்படியல்ல. வருடம் முழுவதும் கொழுந்து வரும். வருடம் முழுவதும் கை வேண்டும். அதிலும் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பமாக வந்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராக்கள் வரிசையாகக் கட்டப்பட்டன. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. துரைமாரும் அவர்தம் குடும்பங்களும் அதில் ஏறி வந்தனர். எமது தேயிலை அதில் இறங்கிப் போனது.

அந்தப் பாதை வழியேதான் மறைபணியாளர்களும் மலைக்கு வந்தார்கள். 1883இல் கண்டி தனி மறைப்பகுதியாகி, சில்வெஸ்திரியன் குருக்களின் பொறுப்பில் விடப்பட்டது. நல்லாயன் கன்னியரின் மடங்களும் பாடசாலைகளும் கொழும்பிலிருந்து கண்டிக்கும் பின்னர் நுவரெலியாவுக்கும் வந்தன. நுவரெலியா அப்போது வெள்ளையரின் ஓய்விடம். 1829இல் ஆளுநர் பான்ஸ் அதைச் சுகவாச நகராக்கியதிலிருந்து அதன் மைதானமும் மாளிகைகளும் இங்கிலாந்தை நினைத்து அமைக்கப்பட்டவை.

கன்னியர் நடத்திய பாடசாலைகளை நாம் குறைத்துப் பேசவில்லை. பெண்பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட காலத்தில் இந்நாட்டுப் பெண்களுக்கு எழுத்தையும் தொழிலையும் தன்னம்பிக்கையையும் கொடுத்தவை அவை. அடைக்கல இல்லங்களும் அநாதைப் பிள்ளைகளின் விடுதிகளும் சபையின் முதல் நோக்கத்தை மறவாமல் கூடவே நடந்தன. ஆனாலும் ஆங்கிலக் கல்விக்குப் பணம் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு இருந்தது, காலையில் பெரட்டு முடிந்தபின் ஒற்றை அறையில் ஒற்றை வாத்தியார் எல்லா வகுப்பையும் சேர்த்து நடத்திய தோட்டப் பாடசாலை. பத்துப் பன்னிரண்டு வயதில் பெயர் பதிந்து மலைக்கு அனுப்பினார்கள். மடத்துப் பாடசாலைக்கும் தோட்டப் பாடசாலைக்கும் இடையே சில மைல் தூரம் என்று வரைபடம் சொல்லும். அந்தத் தூரத்தைக் கடந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம்.

ஒரு மாணவியின் கதை

1902இல் கொழும்பில் நல்லாயன் கன்னியர் தொடங்கிய புனித பிரிஜெட் மடத்துப் பாடசாலையில், எட்டு வயதில் விடுதி மாணவியாக ஒரு பௌத்த ரத்வத்தைக் குடும்பத்துச் சிறுமி சேர்க்கப்பட்டாள். கன்னியர் அவளை மதம் மாற்றவில்லை. அவள் கடைசிவரை பௌத்தப் பெண்ணாகவே வாழ்ந்தாள். 1960 ஆடியில் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க அவரே.

அவர் பதவியேற்ற அதே வருடத்தின் இறுதியில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவலிருந்தார்கள். பலிக்கவில்லை. தம்மைப் படிப்பித்த சபையின் பாடசாலைகளில் பலவும் அவருடைய அரசின் கைக்குப் போயின. தனியாக நிற்போம் என்று சொன்ன சில பாடசாலைகள் கட்டணம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நின்றன. அந்த வருடங்களைச் சகோதரிகள் தேநீர் விருந்தும் லொத்தரும் நடத்தி ஓட்டவேண்டியிருந்தது.

1964 ஐப்பசி 30ஆம் திகதி அவரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தமொன்றில் கையெழுத்திட்டனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. அந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை. பத்து வருடத்தின் பின் அந்த மிகுதியையும் இந்திரா காந்தியுடன் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தலைமன்னார்ப் பாதையில் அழுது பிரிந்த குடும்பங்களின் கதை எமது ஒவ்வொரு லயத்திலும் உண்டு.

அவருடைய இரண்டாவது ஆட்சியில் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் தேசிய உடைமையாயின. துரைமார் போனார்கள். ஆனால் அந்த வருடங்களில்தான் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினி வந்தது. 1974இல் தோட்டத்து மரண வீதம் உயர்ந்தது. காணி சீர்திருத்தத்தின் பேரால் லயத்தை விட்டு விரட்டப்பட்டவர்களும் உண்டு.

ஒரு மாணவி பிற்காலத்தில் செய்த அரசியலுக்குப் படிப்பித்த மடம் பொறுப்பாக முடியாது. நாமும் அப்படிச் சொல்ல வரவில்லை. அவருடைய செயல்களுக்கு வேறு காரணங்கள் ஆயிரம். எமக்குள் எழும் கேள்வி சிறியது. அந்த விடுதியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் கொழுந்தெடுக்கும் ஒருத்தியின் மகள் படுத்திருந்தால், 5,25,000 என்பது வெறும் இலக்கமாக இருந்திருக்குமா? சிறந்த பாடசாலைகளை நடத்தும் சபைகள் எல்லாமே, எமது மறைமாவட்டப் பாடசாலைகள் உட்பட, இதைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்.

மதில் இறங்கிய காலம்

மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு பக்கம், பாடசாலைகளை இழந்தது. அப்போது அதைப் பேரிழப்பாகவே எண்ணினார்கள். வகுப்பறையை இழந்த கன்னியர் பலருக்குப் பாதையில் இறங்க நேரம் கிடைத்தது என்பதை இப்போது பின்நோக்கிச் சொல்லலாம். மறுபக்கம் இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1965 ஐப்பசியில் வெளியான துறவறப் புதுப்பித்தல் பற்றிய ஏடு, ஒவ்வொரு சபையும் தன் தொடக்க நோக்கத்துக்குத் திரும்பிப் போய், காலத்தின் தேவையோடு அதை ஒப்புநோக்கும்படி கேட்டது. நல்லாயன் பணிச் சகோதரிகள் அடைபட்ட வாழ்வைக் கைவிட்டனர். நீண்ட உடுப்புச் சுருங்கிற்று. பலர் சேலை உடுத்தார்கள்.

மலையகத்தில் அதற்கு ஏற்ற காற்றும் வீசியது. 1959 முதல் கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்துக்குப் போனார். வசதியான ஆசனத்தை விட்டு வறிய ஆசனத்தைத் தேடிய ஆயரை அதிகம் பேர் பார்த்ததில்லை. அதே 1972இல் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் ‘சத்தியோதயம்’ நிலையத்தைத் தொடங்கினார். சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தோட்டத்தவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். தோட்ட மக்களைப் பற்றிப் படிக்கவும் எழுதவும் குருக்களும் கன்னியரும் ஒன்றுகூடத் தொடங்கிய காலம் அதுவே.

லயத்துக்கு வந்த கன்னியருக்கு லயமும் பாடம் படிப்பித்தது. எமது அபிவிருத்தி ஊழியர்கள் செய்யும் முதல் தவறு, பெண்கள் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைப்பது. அந்நேரம் லயத்தில் இருப்பவர்கள் கிழவர்களும் கோழிகளும்தான். விடிய நாலு மணிக்கு எழுந்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு, பெரட்டுக்குப் போய், மாலையில் கடைசி நிறுவை முடிந்து, விறகோடு வீடு திரும்பும் பெண்ணைச் சந்திக்க விரும்புவோர் இரவில் வரவேண்டும், அல்லது ஞாயிற்றுக்கிழமையில் வரவேண்டும். பேசுவதற்கு முன் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் ஒரு பெயர், பாடசாலையில் இன்னொரு பெயர் என்று இருக்கும் பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைக்காது. அடையாள அட்டை இல்லாதவருக்கு எதுவும் கிடைக்காது. மனைவியின் சம்பளத்தைக் கணவனே வாங்கிக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அது வந்த பிறகும் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பது வேறு கேள்வி.

நல்லாயன் சகோதரிகள் இப்போது நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் பெண்கள், பிள்ளைகள் மத்தியில் செய்யும் பணி இந்த வகையைச் சேர்ந்தது. சுமார் 70 நாடுகளில் பரந்திருக்கும் இச்சபை 1996 முதல் ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூகப் பேரவையில் விசேட ஆலோசக அந்தஸ்தும் பெற்றிருக்கிறது. நியூயோர்க்கில் பெண்பிள்ளைகளின் உரிமை பற்றிப் பேசும் சபையும், இங்கே லயத்துத் திண்ணையில் உட்காரும் சபையும் ஒன்றே.

மறைக்கக் கூடாத ஓர் அத்தியாயம்

சபை வரலாறு எழுதும்போது நூற்றாண்டு மலர்கள் ஒரு பக்கத்தை விட்டுவிடும். நாம் விடவில்லை. அயர்லாந்தில் ‘மதலேன் சலவை இல்லங்கள்’ என்று பெயர்பெற்ற நிலையங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூலியின்றி உடுப்பு வெளுக்கவும் பூட்டிய கதவுக்குள் வாழவும் வைக்கப்பட்டனர். அவற்றில் சிலவற்றை நடத்தியோர் நல்லாயன் கன்னியர். கடைசி இல்லம், அன்பின் மாதா சபையினர் நடத்தியது, 1996இல் மூடப்பட்டது. 2013 மாசியில் அயர்லாந்துப் பிரதமர் அப்பெண்களிடம் அரசின் சார்பில் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். நட்ட ஈட்டு நிதிக்குப் பங்களிக்க அச்சபைகள் அப்போது மறுத்தன. தாய்ச்சபையான அன்பின் மாதா சபையும் நல்லாயன் சபையும் 2014இல் மீண்டும் ஒன்றாக இணைந்தன. ஆகவே இந்தச் சுமையும் இன்று ஒரே வீட்டின் சுமை.

தூரதேசத்துக் கதை என்று நாம் அதை ஒதுக்க முடியாது. ஏழைப் பெண்ணைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அவளை வேலைக்காரியாக வைத்திருப்பது எமது நாட்டுக்குப் புதிதா? கொழும்பில் எத்தனையோ ‘நல்ல’ வீடுகள், “பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லித்தான் தோட்டத்திலிருந்து சிறுமிகளை அழைத்துப் போயின. அவ்வீடுகளில் சிலவற்றின் சுவரில் திருஇருதயப் படமும் தொங்கியிருக்கும்.

அந்தப் பிள்ளை

இங்கேதான் இந்தச் சபையின் தொடக்கமும் எமது மலையகமும் ஒன்றையொன்று தொடுகின்றன. தூர் நகரத்து மதிலுக்குள் இருந்தவர்கள் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள். இன்று ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் விடியற்காலைப் பஸ்ஸில் தரகரோடு ஏறும் பிள்ளையும் அதே பிள்ளைதான். தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண், தகப்பன் கசிப்பில், பாட்டியின் கையில் நாலு பேரப்பிள்ளைகள். மூத்தவளை அனுப்பினால் மாதம் ஏதோ வரும். 2021இல் கொழும்பில் வேலைக்கு வைக்கப்பட்டிருந்த மலையகச் சிறுமியொருத்தி தீக்காயங்களோடு இறந்தபோது நாடே சில வாரங்கள் பேசியது. வேலைக்கு அமர்த்தும் வயது அதே வருட ஆரம்பத்தில்தான் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டிருந்தது. சட்டம் இருந்தது. பஸ்ஸும் இருந்தது.

இந்த விடயத்தில் வேலை செய்யும் சகோதரிகளிடமும் ஊழியர்களிடமும் பேசினால் பெரிய திட்டங்களைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். பின்னேர வகுப்பு நடக்கிறதா, எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் யார் யார், எந்த லயத்துக்குத் தரகர் வந்து போகிறார், எந்த வீட்டில் கடன் முற்றிவிட்டது என்பவற்றையே பேசுவார்கள். ஒரு பிள்ளை பாடசாலைக்கு மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் வீட்டுக்குப் போகவேண்டும். ஒரு கிழமை பிந்தினால் பிள்ளை கொழும்பில் இருக்கும். ஐரோப்பாவில் கன்னியர் தொகை குறைந்துவிட்டது. இங்கும் புதிதாய்ச் சேர்வோர் முன்போல் இல்லை. நாலாம் நாள் அந்த ஏற்றத்தில் ஏறப்போவது யார் என்பதே இனி வரும் பிரச்சினை. லயத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்களைப் பயிற்றி, முழுநேரச் சம்பளத்தில் அமர்த்துவதே வழி என்பது எமது எண்ணம். அவர்களுக்கு இரவில் வரும் நேரமும் தெரியும், தரகரின் முகமும் தெரியும்.

பஸ் வந்துவிட்டது. அந்தத் தாய் கூடையைத் தூக்கிக்கொண்டார். பேத்தி இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாளாம். “கணக்குதான் கொஞ்சம் கஷ்டம். கீழ் லயத்துல சிஸ்டர் வகுப்பு வைக்குறாங்க, புதன்கிழம, புதன்கிழம. மழையின்னாலும் அனுப்பிருவேன்” என்று ஏறும்போது சொன்னார்.